வெள்ளை தெரியக் கூடாது

எங்கள் பள்ளியில் ஓவிய வகுப்பு என்று ஒன்று இருக்கிறது. கால அட்டவணையில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு என்று பச்சை மையில் எழுதி, சுற்றிக் கட்டம்கூடப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டத்துக்குள் ஓவியம் நடக்கிறதா என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. கணக்கு டீச்சருக்குப் பாடம் முடியவில்லையென்றால் என் பீரியடு. பிள்ளைகளுக்கு உயரம், எடை பார்க்க வேண்டுமென்றால் என் பீரியடு. ஆண்டு விழாவுக்கு நாற்காலி துடைக்க ஆள் வேண்டுமென்றால் பீரியடோடு சேர்த்து என்னையும் எடுத்துக்கொள்வார்கள்.

"ட்ராயிங், இன்னிக்கு உங்க பீரியட நான் எடுத்துக்கட்டுமா? பசங்க சும்மாதான இருப்பாங்க?" என்பார் கணக்கு டீச்சர். கேட்கும்போதே சாக்பீஸ் டப்பாவோடு வகுப்புக்குள் பாதி நுழைந்திருப்பார். ட்ராயிங் என்பது நான்தான். எனக்கென்று பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலில் மட்டும் அது உயிரோடு இருக்கிறது.

ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் நான் ஓவியம் சொல்லித்தருகிறேன். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள். அந்த வயதில் அவர்களுக்குச் சொல்லித்தர ஒன்றுமே தேவையில்லை, பேப்பரைக் கொடுத்துவிட்டு நகர்ந்து நின்றால் போதும் என்பது என் கட்சி. இந்தக் கட்சியில் என்னைத் தவிர உறுப்பினர் கிடையாது.

எதிர்க்கட்சித் தலைவர் இரண்டாம் வகுப்பின் வகுப்பாசிரியை. அவரை எல்லோரும் ஸ்கேல் என்போம், அவருக்குத் தெரியாமல். பிள்ளைகள் வரைகிற படத்துக்குக்கூட நாலு பக்கமும் மார்ஜின் போடச் சொல்கிறவர். ஓவியத்துக்கு மதிப்பெண் திட்டம் வகுத்ததும் அவர்தான். மொத்தம் பத்து. சுத்தத்துக்கு நாலு, கோட்டுக்கு வெளியே போகாமல் கலர் அடித்ததற்கு மூன்று, பேப்பர் முழுக்க நிரப்பியதற்கு மூன்று. வரைந்ததற்கு ஒன்றும் கிடையாது. தன் வகுப்புச் சுவரில் ஒரு அட்டையும் மாட்டியிருக்கிறார், முத்து முத்தான கையெழுத்தில்: "வெள்ளை தெரியக் கூடாது."

அதாவது, பேப்பரில் எங்காவது வெள்ளையாக இடம் தெரிந்தால் படம் முடியவில்லை என்று அர்த்தம். அரைகுறை. சோம்பேறித்தனம். சாதத்தை மிச்சம் வைத்துவிட்டு எழுந்து போகிற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி அவர் வெள்ளை இடத்தைப் பார்ப்பார். பிள்ளைகளும் க்ரேயானை ஆட்டி ஆட்டி, விரல் நோக, மூலை முடுக்கெல்லாம் தேய்த்து நிரப்புவார்கள். டப்பாவில் எல்லாக் கலரும் தேய்ந்து குட்டையாகியிருக்கும். வெள்ளை க்ரேயான் மட்டும் வாங்கின நாள் மாதிரி நெட்டையாக நிற்கும்.

அப்புறம் அந்த மலைகள். எங்கள் ஊரில் மலை கிடையாது. மேடு என்று சொல்லிக்கொள்ள ஒரு மேம்பாலம்தான் இருக்கிறது. ஆனால் எந்தப் பிள்ளையிடம் பேப்பரைக் கொடுத்தாலும் இரண்டு மலை வந்துவிடும். நடுவில் பாதி சூரியன், அதிலிருந்து குச்சி குச்சியாக வெளிச்சம், கீழே ஒரு ஆறு, ஓரத்தில் ஒரு வீடு, மேலே நாலு பறவை. பறவை என்றால் டிக் மார்க்கைக் கவிழ்த்துப் போட்டது.

போன பருவத்தில், கணக்கு டீச்சர் அபூர்வமாகப் பாடத்தை முடித்துவிட்ட ஒரு வெள்ளிக்கிழமையில், இரண்டாம் வகுப்பில், "உங்க வீட்டுல நீங்க தினமும் பாக்குற ஏதாவது ஒண்ண வரைங்க" என்று சொன்னேன். சுற்றி வந்து பார்த்தால் வகுப்பு முழுக்க மலைத்தொடர்.

முன்வரிசைப் பையனிடம் கேட்டேன். "உங்க வீட்டுல மலை இருக்காடா?"

"இல்ல டீச்சர்."

"பின்ன?"

"ட்ராயிங்ல இருக்கும் டீச்சர்" என்றான் அவன், இதுகூடத் தெரியாமல் வேலைக்கு வந்துவிட்டாயே என்கிற முகத்தோடு.

கடைசி வரிசையில் ஒரு பெண் மட்டும் எதையும் வரையவில்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை நான் நிதானம் என்றுதான் கூப்பிடுவேன். ஸ்கேல் அவளை வேறு சில பெயர்களால் கூப்பிடுவார். மற்றவர்கள் மூன்று கணக்குப் போடும் நேரத்தில் இவள் பென்சிலைச் சீவிக்கொண்டிருப்பாள். ஆனால் அந்தப் பென்சிலைப் போலச் சீவிய பென்சிலை நான் ஓவியக் கல்லூரியில்கூடப் பார்த்ததில்லை.

அவளுடைய அப்பா லாண்டரி வைத்திருக்கிறார். தனி வீட்டுத் துணி எடுப்பதில்லை. ஓட்டல்களின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். அத்தனையும் வெள்ளை. வீட்டு மாடியில் கம்பி கட்டிக் காயப்போடுவார்கள். அவள் தினமும் பார்ப்பது அதைத்தான்.

அவள் அதை வரைந்து முடிக்க மூன்று வெள்ளிக்கிழமை ஆனது. முதல் வாரம் கம்பியை மட்டும் வரைந்தாள். கம்பி தொய்ந்திருந்தது, நடுவில் கனம் என்பதால். இரண்டாம் வாரம் சுற்றிலும் வானம், மாடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி. விரிப்பு இருக்கிற இடங்களை மட்டும் தொடாமல் சுற்றி வந்தாள். மூன்றாம் வாரம் சாம்பலையும் நீலத்தையும் லேசாக எடுத்து, மடிப்பு விழுகிற இடத்தில் இரண்டொரு கோடு இழுத்தாள். அவ்வளவுதான். வெறும் பேப்பராக இருந்தது துணியாகிவிட்டது. காற்றில் உப்பியும் நின்றது. ஒரு விரிப்புக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன.

"இது யாரு?"

"அப்பா. பின்னாடி நின்னு உதறிட்டு இருக்காரு. மூஞ்சி தெரியாது."

"வெள்ளைக்கு அந்த வெள்ளை க்ரேயான் எடுத்துக்கலையா?"

"எதுக்கு டீச்சர்? பேப்பரே வெள்ளையாத்தான இருக்கு."

இதைச் சொல்லித்தர எனக்கு ஓவியக் கல்லூரியில் ஒரு வருஷம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் கணக்கு டீச்சரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் பயந்துபோய், அடுத்த வார பீரியடு வேண்டாம் என்றுவிட்டார்.

இந்தச் சமயத்தில்தான் பெரிய மேடம், அதாவது எங்கள் தலைமையாசிரியை, கூட்டம் போட்டார். தாளாளர் வரப்போகிறார். ஓவியக் கண்காட்சி வைக்க வேண்டும். பெற்றோர் எல்லோரையும் கூப்பிட வேண்டும். இதற்குப் பின்னால் ஒரு வெடிகுண்டும் வைத்திருந்தார்.

"ஒண்ணாங் கிளாசுக்கும் ரெண்டாங் கிளாசுக்கும் ட்ராயிங் தேவையான்னு தாளாளர் கேக்குறாரு. அந்த நேரத்துல கையெழுத்துப் பயிற்சி குடுத்தா பிரயோஜனமா இருக்குமேங்குறாரு. பெத்தவங்களும் அதத்தான் சொல்றாங்க. கண்காட்சியப் பாத்துட்டு முடிவு பண்றேன்னு சொல்லியிருக்காரு. அதனால எல்லாம் பளிச்சுன்னு இருக்கணும் ட்ராயிங். உங்க கையிலதான் இருக்கு."

என் கையில் எதுவும் இல்லை என்பது மறுநிமிடமே தெரிந்தது. ஸ்கேல் கையைத் தூக்கினார்.

"மேடம், படங்கள மாட்டுறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவ பாத்துடுறேன். லேசா டச்சப் பண்ணிட்டா நல்லாருக்கும்."

"கொழந்தைங்க படத்துல யாரும் கை வைக்க வேண்டாம்" என்றேன்.

"கை வைக்குறது யாரு? ஃபினிஷிங் மட்டும்" என்றார் ஸ்கேல், மனம் புண்பட்டவராக.

"மேடம், வேண்டாம். அது அவங்க படம்."

பெரிய மேடம் இரண்டு பக்கமும் தலையாட்டினார். அவர் அப்படித் தலையாட்டினால் இரண்டு பேருமே நான்தான் ஜெயித்தேன் என்று வீட்டுக்குப் போகலாம். நானும் அப்படித்தான் போனேன்.

நிதானம் படத்தைக் கொடுக்க மாட்டேன் என்றாள். வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டுமாம், அப்பா இன்னும் பார்க்கவில்லையாம். கண்காட்சிக்கு அப்பாவையே கூட்டிக்கொண்டு வா, சுவரில் மாட்டியே காட்டலாம் என்று ஆசை காட்டினேன். அவள் படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு யோசித்தாள். அவள் யோசித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது எனக்குத் தெரியும், நின்றேன்.

"யாரும் தொட மாட்டாங்கள்ல?"

"தொட மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்."

கொடுத்தாள். இரண்டு கையாலும் கொடுத்தாள். ஏழு வயதுப் பிள்ளை என்னை நம்பிக் கொடுத்த பொருள் அது. எனக்கு இந்தக் கண்காட்சியில் அதைவிடப் பெரிய விஷயம் எதுவும் இருக்கவில்லை, பீரியடு உட்பட.

கண்காட்சி அன்று காலையில், கூடத்துக்குள் நுழைந்ததும் எனக்குக் கண் கூசியது. பெரிய மேடம் கேட்ட பளிச்சு வந்துவிட்டிருந்தது. எல்லாப் படத்திலும் ஸ்கெட்ச் பேனாவின் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் கத்திக்கொண்டிருந்தன. எல்லா மலைக்கும் ஒரே பழுப்பு. எல்லாச் சூரியனுக்கும் கண், மூக்கு, புன்னகை. ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று வரைந்திருந்த நாய்க்கு ஐந்து கால் இருந்தது, ஐந்தாவதை அடித்து வாலாக்கியிருந்தார்கள். வால் ஏற்கனவே ஒன்று இருந்ததால் நாய்க்கு இப்போது இரண்டு வால்.

நிதானத்தின் படத்தைத் தேடினேன். இரண்டு தரம் தாண்டிப் போயிருக்கிறேன், அடையாளம் தெரியவில்லை. கம்பியின் தொய்வை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். விரிப்பு ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிறம். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்று ரோஸ், ஒன்றில் மஞ்சள் புள்ளிகூட வைத்திருந்தது. அப்பாவின் இரண்டு கால்களும் பூந்தொட்டிகள் ஆகிவிட்டன. தொட்டிக்கு ஒரு பூ வீதம் நட்டிருந்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கொஞ்சம் இடம் கிடைத்த இடத்தில், இரண்டு மலை.

ஸ்கேல் ஸ்டூலில் ஏறி நின்று காகிதத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க?" என்றேன்.

"ஏன், நல்லா இல்லையா? ரெண்டு நாளா வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பண்ணினேன் ட்ராயிங். பேனாகூட என் பொண்ணோடது. அந்தப் பொண்ணு பாவம், நேரமே பத்தல போல. துணி பூராவும் அப்படியே விட்டிருந்தா. தாளாளர் வந்து பாத்தா என்ன நினைப்பாரு? நான்தான் முடிச்சுக் குடுத்தேன்."

அவர் குரலில் பொய்யே இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். கெட்டவர்களோடு சண்டை போட எனக்குத் தெரியும், நல்லெண்ணத்தோடு பூசி மெழுகுகிறவர்களை என்ன செய்வது?

"அது வெள்ளைத் துணி டீச்சர்" என்றேன்.

"வெள்ளைத் துணியா? அப்ப வெள்ளை அடிச்சிருக்க வேண்டியதுதான?" என்றார் ஸ்கேல்.

படத்தைக் கழற்றலாம் என்று கை போனது. அதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள், பெற்றோர் வர ஆரம்பித்துவிட்டார்கள். நிதானமும் வந்தாள், அப்பாவின் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு. அவர் வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், முழங்கை வரைக்கும் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். எங்கே மாட்டியிருக்கிறது என்று அவள் கேட்டாள். அவளே சுவர் ஓரமாக ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு போனாள், அவளுடைய வேகத்தில். பிறகு ஒரு இடத்தில் நின்றுவிட்டாள்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்து, பதறிப்போன குரலில் சொன்னாள்.

"அப்பா, சாயம் ஏறிடுச்சுப்பா."

அவர் குனிந்து படத்தைப் பார்த்தார். அந்த வீட்டில் இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பது அவர் முகத்தில் ஒரு நொடி தெரிந்தது. வெள்ளை மூட்டையில் எவனோ ஒரு சிவப்புத் துண்டைச் சேர்த்துப் போட்டுவிட்டால் ஒரு நாள் உழைப்பும் ஒரு வாடிக்கையும் போகும். ஆனால் பக்கத்தில் ஸ்கேல் சிரித்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் டீச்சர் முன்னால் நிற்கிற எல்லா அப்பாக்களையும் போல அவரும் ஏழு வயதுப் பையனாகிவிட்டார்.

"நல்லாத்தான இருக்கு கண்ணு. கலர் கலரா, எவ்ளோ அழகா இருக்கு. டீச்சருக்குத் தேங்க்ஸ் சொல்லு."

அவள் தேங்க்ஸ் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். "யாரும் தொட மாட்டாங்கன்னு சொன்னீங்க" என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன். வெறுமனே பார்த்தாள். எனக்கு அவமானமாக இருந்தது.

பெரிய மேடம் என்னை வாசலுக்கு விரட்டினார். தாளாளரின் கார் தெரு முனைக்கு வந்துவிட்டதாம். மாலையை நான் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். போகிற வழியில் திரும்பிப் பார்த்தபோது, அந்தச் சுவரில் படம் இல்லை, இரண்டு கிளிப் மட்டும் தொங்கியது. நிதானமும் இல்லை.

கூடத்துக்குப் பின்னால் பிள்ளைகள் கை கழுவுகிற குழாய் வரிசை இருக்கிறது. தண்ணீர்ச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அவள் படத்தைக் குழாய்க்கு அடியில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சட்டையெல்லாம் ஈரம். தொட்டியில் சிவப்பும் பச்சையுமாகத் தண்ணீர் ஓடியது.

"என்னம்மா பண்ற? கிழிஞ்சிடும்."

"காயுறதுக்குள்ள அலசணும் டீச்சர். காஞ்சிட்டா போகாது."

வாசலில் மேளம் மாதிரி பெரிய மேடத்தின் குரல்: "ட்ராயிங்! மாலை!" என் கையில் மாலை இருந்தது. அதைப் பக்கத்துக் குழாயில் மாட்டிவிட்டு, படத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு விஷயத்தை நான் சொல்ல வேண்டும். க்ரேயான் மெழுகு, தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. ஸ்கெட்ச் பேனா தண்ணீர் மை, ஓடிவிடும். இதைப் பாடமாக நடத்துகிற நானே அதை அந்த நேரத்தில் மறந்துவிட்டிருந்தேன். அவளுக்கு அதெல்லாம் தெரியாது. சாயம் ஏறினால் அலச வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும். ஆனால் எங்கள் கண் முன்னால் மலைகள் இரண்டும் கரைந்து ஓடின. பூக்கள் போயின. அவள் வைத்த வானமும் சுவரும் கால்களும் அசையாமல் நின்றன.

அவள் உள்ளங்கையால் சிவப்பை அழுத்தித் தேய்க்கப் போனாள். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"தேய்க்காத. தேய்ச்சா நூல் பிரியும். சாய்ச்சுப் புடி, தண்ணியே கொண்டுபோகும்."

அவளைத் தேடி வந்த அவள் அப்பா. இது பேப்பர் என்பதையோ, இது பள்ளிக்கூடம் என்பதையோ அவர் மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். சட்டைக் கையை இன்னும் மேலே மடித்துவிட்டுக்கொண்டு வந்து, எங்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு, படத்தை அவரே வாங்கிச் சாய்த்துப் பிடித்தார். பிறகுதான் அதைச் சரியாகப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார், விரிப்பைப் பார்த்தார், கீழே இருந்த இரண்டு கால்களில் வந்து நின்றார்.

"இது நானா?"

"ஆமா. உதறிட்டு இருக்கீங்க."

குழாயைத் தானே மூடினார். "பூராவும் போகலம்மா. ரோஸ் லேசா நிக்குது" என்றார், மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

சொட்டச் சொட்டக் கொண்டுபோய் அதே கிளிப்பில் மாட்டினோம். அந்தச் சுவரில் அது ஒன்றுதான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. தரையில் தண்ணீர் தேங்கியது. மாலை குழாயிலேயே கிடந்ததால் தாளாளர் மாலையில்லாமல் நுழைந்தார்.

அவர் சுவர் ஓரமாக நடந்துவந்தார், "அழகு, அழகு" என்று ஒவ்வொரு மலைக்கும் ஒன்றாகச் சொல்லிக்கொண்டு. "எல்லாரும் ஒரே மாதிரி வரைஞ்சிருக்காங்களே, நல்ல பயிற்சி" என்றார். எத்தனை உண்மையான வார்த்தை. நாயின் இரண்டு வாலையும் பாராட்டினார். ஈரப் படத்துக்கு முன்னால் வந்ததும், தண்ணீரில் காலை வைத்துவிட்டு நின்றார்.

"இது ஏன் கலரே இல்லாம இருக்கு?"

"அது இன்னும் முடிக்கல சார். கொஞ்சம் ஸ்லோவான கொழந்தை" என்றார் பெரிய மேடம் அவசரமாக.

"முடிஞ்சிருச்சு" என்றாள் நிதானம்.

அவள் குரல் பெரிதாக இல்லை. தாளாளர் குனிந்து, "என்ன பாப்பா?" என்றார்.

"முடிஞ்சிருச்சு சார். அவங்கதான் அதுக்கு மேல பண்ணிட்டாங்க."

ஸ்கேலின் முகம் செத்துப்போனது. பெரிய மேடம் என்னை முறைத்தார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பீரியடு பிழைத்திருக்கும்.

"ஆமா சார்" என்றேன். "இங்க இருக்குற எல்லாப் படத்துலயும் பெரியவங்க கை வச்சிருக்காங்க. கொழந்தை வரைஞ்சதா நீங்க பாக்குறது இது ஒண்ணுதான். அதையும் இப்பத்தான் கழுவி எடுத்துட்டு வந்தோம்."

தாளாளர் சுவரை முதலிலிருந்து கடைசிவரை மறுபடி ஒருமுறை பார்த்தார். சாயம் வெளுத்துவிட்டது, இனி மனிதர் வெடிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"பெரியவங்கன்னா யாரு?"

ஸ்கேல் தலை குனிந்தபடி, "நான்தான் சார்" என்றார்.

"இத்தனையும் நீங்க ஒரு ஆளா?" என்றார் தாளாளர். அவர் குரலில் பிரமிப்பு. "என்ன உழைப்பு!"

இதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை. ஓவியப் பீரியடு பிழைத்துவிட்டது. தாளாளருக்கு அவ்வளவு திருப்தி. ஒரே ஒரு மாற்றம்தான். அதை இனி ஸ்கேல் எடுப்பார், கலை ஆர்வம் உள்ளவர் என்பதால். அச்சடித்த கலரிங் புத்தகங்கள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கிவிட்டன, பிள்ளைகள் வரைய வேண்டிய சிரமம்கூட இல்லை. எனக்கு ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் கையெழுத்துப் பயிற்சியைக் கொடுத்தார்கள். ஆசிரியர்கள் என்னை இப்போதும் ட்ராயிங் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஸ்கேல் ஒருநாள் ஓய்வறையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உங்க நிதானம் புத்தகத்த அப்படியே திருப்பிக் குடுக்குது. ஒரு கோடுகூட இல்ல. வாராவாரம் இதே கதைதான். நான் ஒண்ணும் திட்டல ட்ராயிங், நிஜமா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அவரை வெளுத்து வாங்க ஆசைதான், வார்த்தைகூடத் தயாராக இருந்தது. ஆனால் நம்பிக்கை கொடுத்துக் கெடுத்தது அவர் இல்லையே, நான்தானே.

கையெழுத்து வகுப்பில் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே வெள்ளை தெரிய வேண்டும். வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் ஒரு விரல் இடம் விட வேண்டும், விடாவிட்டால்தான் தப்பு. ஸ்கேலிடம் பயின்ற பிள்ளைகள் இடைவெளியே இல்லாமல் நிரப்பி எழுதினார்கள். அவர்களுக்கு இடம் விடப் பழக்குவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. "இங்க ஒண்ணும் எழுதக் கூடாது, சும்மா விடணும்" என்று சொல்லிச் சொல்லி நானே இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நிதானத்துக்கு மட்டும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் கரும்பலகையில் இருப்பதை எழுதுவாள், இடம் விடுவாள், நோட்டை நீட்டுவாள். என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

போன வாரம் கரும்பலகையில் நான் எதுவும் எழுதவில்லை. "ஒரு பக்கம். உங்களுக்குப் பிடிச்சத எழுதுங்க" என்றேன். கையெழுத்து வகுப்பில் இது செல்லாது, தெரியும். மணி அடித்து எல்லோரும் நோட்டை வைத்துவிட்டு ஓடினார்கள். அவள் மட்டும் கடைசி வரிசையில் குனிந்திருந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

கொண்டுவந்து வைத்தாள். எழுத்து எதுவும் இல்லை. பக்கம் முழுக்க ஒரு பெண், பென்சிலால். புடவை முந்தானை இடுப்பில் செருகியிருக்கிறது, முடி ஒரு பக்கம் கலைந்திருக்கிறது, இரண்டு கையும் முன்னால் நீண்டு எதையோ ஏந்திப் பிடித்திருக்கிறது. கைகளின் மேல் விழுகிற தண்ணீரைத் தொடவேயில்லை, பேப்பரையே விட்டிருந்தாள். என் மூக்கு அப்படித்தான் இருக்கும், கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். பக்கத்தின் அடியில், மூலையில், நோட்டின் கோட்டிலேயே ஒழுங்காக ஒரே ஒரு சொல் எழுதியிருந்தாள்: "முடின்சது."

அவள் போகாமல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பார்த்தது என் முகத்தை இல்லை, என் கையில் இருந்த சிவப்புப் பேனாவை.

அந்தச் சொல்லில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது. பிழை கண்டால் சுற்றிக் கட்டம் போட்டு, பக்கத்தில் சரியாக எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். அதற்குத்தான் எனக்கு இப்போது சம்பளம். நான் நோட்டை மூடி, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தேன்.